கபூட்டா கடலிலிருந்து திரும்பிய பிறகு

கபூட்டாவுக்கு நாங்கள் இறந்தோர் பூசை வைத்து முடித்துவிட்டோம். அவருக்கும் அவருடைய தங்கை புருஷன் பெனியாத்தாவுக்கும் சேர்த்தே வைத்தோம். உடல் கிடைக்காத சாவு என்பதால் ஊர்க்கூடத்தின் நடுவில் இரண்டு தாழைப் பாய்களை விரித்து, ஒன்றில் பெனியாத்தாவின் கிட்டாரையும் மற்றொன்றில் கபூட்டாவின் பாளைக் கத்தியையும் வைத்தார்கள். கிட்டாரைச் சுற்றி அழுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. கத்திக்குப் பக்கத்தில் வயதான அத்தைகள் இரண்டு மூன்று பேரும் தெபோராவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

அபையாங் தீவின் மருந்தகத்தில் நான்தான் நர்ஸ். இந்த ஊரில் யாருக்கு எங்கே வலி என்று எனக்குத் தெரியும். கபூட்டாவைப் பற்றி மட்டும் அப்போது கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. தென்னை ஏறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குபவர். காலையும் மாலையும் மரத்தில் இருப்பார். எங்கள் ஊரில் மரத்தில் இருக்கிறவன் பாடுவான். கீழே நடப்பவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரிய வேண்டும், அது வழக்கம். கபூட்டா இருமுவார். ஏன் பாடுவதில்லை என்று கேட்டால், "கேக்குறவங்க என்ன நெனைப்பாங்களோ" என்பார். இளவயதில், தலைநகரான தாராவாவில் கப்பல் வேலைக்கான பள்ளிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் அப்படியே சொன்னார். பிறகு வயது கடந்துவிட்டது.

தெபோராமேல் அவருக்கு ஆசை என்பது ஊருக்கே தெரியும். நடனக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். உயரமானவள், வாய் நீளம். தாய் இறந்த பிறகு தாராவாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அப்பாவைக் கவனிக்க ஊருக்கு வந்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய அப்பாவுக்கு இருமலுக்கு நல்லது என்று கபூட்டா தினமும் ஒரு பாட்டில் பதநீரை அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். கிழவரின் இருமல் எப்போதோ நின்றுபோயிற்று. பாட்டில் நிற்கவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் பேசியதில்லை.

பெனியாத்தா அப்படியில்லை. சிரித்தால் காயலின் அந்தக் கரைக்குக் கேட்கும். கோயில் கூரைக்குத் தகரமும் ஆணியும் வாங்கத் தாராவாவுக்குப் போக வேண்டியிருந்தது. "மச்சான், ஒரு தடவையாவது இந்த ஊர விட்டு வெளியில வா" என்று கபூட்டாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அவர்தான். காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேர்கிற தூரம். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. நீரோட்டம் அவர்களை மேற்கே கொண்டு போய்விட்டது.

விமானம் தேடியது. மீன்பிடிக் கப்பல்கள் தேடின. ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் பூசை வைத்தோம்.

பூசை முடிந்த அடுத்த வாரம் ஊர்க்கூடத்து ரேடியோவில் செய்தி வந்தது. தைவான் கப்பல் ஒன்று நவுரு தீவுக்கு அப்பால் ஒரு படகைக் கண்டெடுத்திருக்கிறது. அபையாங் படகு. உள்ளே உயிரோடு ஒருவர்.

யார் என்று சொல்லவில்லை.

அன்று முழுவதும் ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பெனியாத்தாவின் மனைவி ரோத்தியா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நல்ல உடுப்பு உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, குழந்தைகளையும் குளிப்பாட்டி உட்கார வைத்திருந்தாள். பொழுது சாயும்போது பெயர் வந்தது. கபூட்டா.

கூடத்தில் யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பிழைத்தது ரோத்தியாவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் எழுந்து, "அப்படியா" என்றாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கபூட்டா விமானத்திலிருந்து இறங்கியபோது கப்பல்காரர்கள் கொடுத்த நீலச் சட்டை அவர்மேல் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனார். வாசலில் மண்டியிட்டார். ரோத்தியா உள்ளே இருந்து வரவில்லை. வெகுநேரம் கழித்து அவரே எழுந்து வந்துவிட்டார்.

தாராவாவில் அவரைச் சோதித்த டாக்டர் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது, இதயமும் பலவீனம், வாரம் ஒருமுறை பார்த்துக்கொள் என்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாலும் விமானத்தில் கூட வந்தவர்கள் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. வரும்போது கொஞ்சம் பெருத்தும் வந்தது. கபூட்டா அதிக நாள் தாங்க மாட்டார் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க்கூடத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கபூட்டா எழுந்து நின்றார். அவர் அங்கே எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். தெபோராவக் கட்டிக்கணும்னு பல வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். கேக்கல. இப்பக் கேக்குறேன்."

மூத்தவர் ஒருவர், "இது பெரியவங்க மூலமா வர வேண்டிய பேச்சுப்பா" என்றார்.

"வரும் பெரியவரே. அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

கூடமே சிரித்தது. தெபோரா சிரிக்கவில்லை. சுட்ட ஈரப்பலாத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள், அதைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பாவுக்கு இருமல் நின்னு எவ்வளவோ காலமாச்சு. அந்தப் பதநீர நான்தான் குடிச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு வாயே கிடையாதோன்னு நெனச்சேன்."

"இருக்கு" என்றார் கபூட்டா.

"இந்தா பாரு. உன் சாவுக்கு நான் அழுதாச்சு. இதே எடத்துல, அந்தக் கத்திக்குப் பக்கத்துல உக்காந்து நல்லாவே அழுதேன். இன்னொரு தடவை அழ மாட்டேன். செத்தா செத்ததுதான். சம்மதமா?"

"சம்மதம்."

"அப்ப எனக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டு அவள் ஈரப்பலாவை எடுத்துக் கடித்தாள்.

கல்யாணம் ஆன பிறகு கபூட்டாவைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. மரத்தில் பாடினார். சகிக்க முடியாத குரல். கோழிகள் பயந்தன என்று ஊர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். அவர் பாட்டுக்கு மரத்துக்கு மரம் பாடிக்கொண்டே போனார். தெபோராவின் நடனக் குழுவில் கடைசி வரிசையில் நின்று ஆடினார். எல்லாரும் வலக்கையை நீட்டும்போது இவர் இடக்கையை நீட்டுவார். காயல் ஓரமாகக் கால் நட்டு ஒரு வீடு கட்டினார். சும்மா கிடந்த தோணியைச் சரிசெய்து, அவளை ஏற்றிக்கொண்டு காயலுக்குள் இருக்கும் மணல் திட்டுக்குப் போய்ப் பகல் முழுவதும் இருந்துவிட்டு வருவார். காயலின் வாய்க்கு வெளியே, பெருங்கடல் பக்கம் மட்டும் போகமாட்டார். அந்தப் பக்கம் தோணி திரும்பினாலே துழாவுவதை நிறுத்திவிடுவார். தெபோரா துடுப்பை வாங்கிக்கொள்வாள்.

வாரம் ஒருமுறை அவரை மருந்தகத்துக்கு அழைத்து வருவதும் அவள்தான்.

"அக்கா, மழை வந்தா இந்த ஆள் வீட்டுக்குள்ள இருக்க மாட்டேங்குறார். வா நனையலாம்னு என்னையும் இழுக்குறார். நெஞ்சுக்கு ஆகுமா, கேளுங்க."

"கடல்ல இருந்தப்ப மழை வந்தாத்தான் குடிக்கத் தண்ணி" என்றார் கபூட்டா. "வீட்டுக் கூரைக்குக் கீழ உக்காந்து அத வீணாக்க மனசு வரல."

"நீயும் விரலக் காட்டு, ஒரு தடவை ரத்தம் பாத்துடுறேன்" என்று நான் சொன்னால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இவரப் பாருங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ரோத்தியா மட்டும் அண்ணனோடு பேசவில்லை. ஒருநாள் அவள் மகளுக்குக் கையில் கொதிநீர் கொட்டிவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது கபூட்டா உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் வெளியே போகப் பார்த்தார்.

"ஏன் போற? இரு" என்றாள் ரோத்தியா. "நேத்து நல்லா ஆடினியாமே. ஊரே பேசுது."

அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"என் வீட்டுக்காரர் எலும்பு எந்தக் கடலுக்கு அடியில கெடக்கோ. நீ கூடத்துல ஆட்டம் போடுற. கல்யாணம், வீடு, பாட்டு. அவரு விட்டுட்டுப் போன உசுரத்தான நீ செலவு பண்ற?"

நான் குறுக்கே பேசப் போனேன். கபூட்டா வேண்டாம் என்று கையைக் காட்டினார். தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான் பேசிக்கிட்டே இருந்தாரும்மா. எஞ்சின் நின்ன நாள்லருந்து. தண்ணி இல்ல, நாக்கு ஒட்டுது, அப்பவும் பேசுவாரு. சின்ன வயசுல திருடின பன்னி, பெசியோ துறைமுகத்துல போட்ட சண்டை, உன்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பா தொரத்தினது. எல்லாம். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். கேக்குற நேரம் பசி தெரியாது. அப்புறம் அவருக்கு முடியாமப் போச்சு. படுத்துட்டாரு. 'மச்சான், என்னால பேச முடியல, நீ ஏதாவது சொல்லு'ன்னாரு."

அவர் தரையில் விரலால் கோடு போட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நாப்பது வயசு ஆளு. மரம் ஏறினேன், எறங்கினேன். சொல்றதுக்கு ஒரு கதை இல்ல. அவரு காத்துக்கிட்டே இருந்தாரு. சாகப் போற மனுஷன், ஒரு கதை கேட்டாரு, என்கிட்ட இல்ல. கடைசியில அவரு கதையையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். 'அதுல பன்னி கறுப்புடா, வெள்ளை இல்ல'ன்னு திருத்தினாரு. அதுதான் கடைசியாப் பேசினது."

குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. ரோத்தியா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

"குடிச்சிட்டு வந்தப்ப ஈரப் பாயச் சுருட்டி நீ அடிச்சியாமே. பாய் கிழிஞ்சுபோச்சுன்னு அதுக்கும் சேத்து அடிச்சியாம்."

அவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடாமலே அழுதாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரோத்தியா குழந்தைகளோடு காயல் ஓர வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். தெபோரா மீன் பொரிப்பாள். பெனியாத்தா படகில் சொன்னதை எல்லாம் கபூட்டா ஒவ்வொன்றாகச் சொல்வார். மன்னித்துவிட்டாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் போனாள்.

சுதந்திர தின நடனப் போட்டிக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த சமயம். ஆழமில்லாத நீரில் சிப்பி பொறுக்கப் போன தெபோராவின் காலைப் பவளப்பாறை கிழித்தது. சின்னக் கிழிசல். அவள் துணியைச் சுற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். நொண்டுவதைப் பார்த்து யாராவது கேட்டால் அதட்டுவாள். என்னிடம் வந்தபோது பாதம் கறுத்து, முழங்கால்வரை வீங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். கருவி காட்டியதை நம்பாமல் இன்னொரு விரலிலும் பார்த்தேன். எத்தனை வருஷமாக அந்தச் சர்க்கரையோடு அவள் ஆடிக்கொண்டிருந்தாளோ.

ஊசி போட்டேன், குளுக்கோஸ் வேண்டாம் என்று வெறும் உப்புநீர் ஏற்றினேன், தாராவாவுக்குப் பேசினேன். உடனே அனுப்பு என்றார்கள். மழையில் ஓடுதளம் முழுக்கத் தண்ணீர், விமானம் இறங்காது. படகுதான்.

படகோட்டி தியோனி எஞ்சினைத் தயார் செய்தான். பாய் விரித்து அவளைக் கிடத்தினோம். மருந்துப் பையோடு நான் ஏறினேன். கபூட்டாவிடம், "அண்ணே, நீங்க இருங்க. ரோத்தியா கூட வரட்டும்" என்றேன். அந்தக் கடல் அவருக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து படகில் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று கடல் எங்களுக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. மழை விட்டு, காற்று அடங்கி, தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. காயலின் வாயைத் தாண்டியபோது கபூட்டா கண்ணை மூடிக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டது தெபோராதான்.

"இருக்கு."

"என் கையப் பிடிச்சுக்க. எஞ்சின் நல்லாத்தான் ஓடுது."

அவர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"தெனம் காலைல எழுந்ததும் உனக்கு மூச்சு இருக்கான்னு மூக்குல கைய வச்சுப் பாப்பேன். தெரியுமா?"

"தெரியும். தூங்குற மாதிரிப் படுத்திருப்பேன்."

"திருட்டுப் பய." அவள் சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் ஆச்சா நமக்கு?"

"இன்னும் ஆகல."

"முன்னாடியே கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டிருக்கணும்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அத்தனை வருஷமும் வாசல் வரைக்கும் வந்தேனே. கேட்டிருக்கணும்."

"சரி, விடு. கேட்டியே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தூங்குகிறாள் என்று அவர் நினைத்தார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது நூலாகி, அறுந்து அறுந்து வந்து, நின்றது. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். கை சோரும்வரை அழுத்தினேன். தியோனி எஞ்சினைக் குறைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அபையாங்கின் தென்னைகளும் தெரியவில்லை, தாராவாவும் இன்னும் எழவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் கபூட்டா.

"ஆமாண்ணே."

அவர் தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தில் வெயில் படாமல் பிடித்தார்.

"திருப்பு தியோனி. வீட்டுக்குப் போவோம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமே" என்று அவன் என்னைப் பார்த்தான்.

"போன தடவை ஒருத்தரக் கடல்ல விட்டுட்டு வந்தேன். இவள நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

நான் தலையசைத்தேன். தியோனி படகைத் திருப்பினான்.

நாங்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பியதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். ரோத்தியா இடுப்பளவு நீரில் நடந்து வந்து, மற்றவர்கள் கைநீட்டும் முன் தெபோராவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். உடல் வீட்டில் இருந்த நாட்களில் அவள் அந்தப் பாயை விட்டு நகரவில்லை. ஈ விசிறினாள், கூந்தலைச் சீவினாள், வருகிறவர்கள் இறந்தவளுக்கென்று கொண்டுவந்த பாயையும் துணியையும் வாங்கி அடுக்கினாள். போட்டிக்காகத் தைத்திருந்த உடையையே உடுத்தி, வழக்கப்படி வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

கபூட்டா அழவில்லை. "அழு அண்ணே, வெளியில வரட்டும்" என்று ரோத்தியா சொல்லிப் பார்த்தாள். அவர் சரி சரி என்று தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். புதைத்த மறுநாள் காலை வழக்கம்போல மரம் ஏறி இறங்கினார். பதநீரை இரண்டு கோப்பையில் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் பார்த்தார். அப்போது அவர் போட்ட சத்தத்தை மருந்தகத்தில் இருந்த நான் கேட்டேன். மனிதச் சத்தம் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

பல மாதம் கழித்துத் தாராவாவிலிருந்து டாக்டர் வந்து எல்லாரையும் பரிசோதித்தார். கபூட்டாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முதுகிலும் வைத்துக் கேட்டார். "நல்லா ஆயிடுச்சு. குதிரை மாதிரி ஓடுது. இன்னும் முப்பது வருஷம் கவலையில்லாம இருக்கலாம்" என்று தோளைத் தட்டினார்.

கபூட்டா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "அவ்வளவு நாளா?" என்றார் என்னிடம்.

அவர் பொத்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டிருந்தார், அதைச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது நோயாளி யாரையாவது படகில் அனுப்ப வேண்டியிருந்தால் கபூட்டா கூட வருகிறார். யாரும் கூப்பிடுவதில்லை, எஞ்சின் சத்தம் கேட்டதும் வந்து நிற்பார். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணின் தலையைப் பிடித்துக்கொள்வார், கிழவர்களுக்குக் குடை பிடிப்பார், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். எனக்கு இரண்டு கை கூடக் கிடைத்ததுபோல. திரும்பும் வழியில், நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறும் படகில் வரும்போது, ஒரு இடம் வரும். கடலில் அதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. அபையாங்கின் தென்னை தெரியாது, பின்னால் தாராவாவும் மறைந்திருக்கும். அங்கே தியோனி எஞ்சினை நிறுத்திவிடுவான். கபூட்டா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுவார். நான் மருந்துப் பையை அடுக்குவேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கடல்தண்ணீரில் கழுவிக்கொண்டு, போகலாம் என்று அவரே கையைக் காட்டுவார்.